வண்டி வராத தெரு

வெளியிலிருந்து அளந்தபோது வீடு நீளமாகவும், உள்ளேயிருந்து அளந்தபோது குட்டையாகவும் இருந்தது. தையல் தொழிலில் தலை நரைத்தவளுக்கு டேப் பிடிக்க யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. மறுபடி அளந்தாள். அப்பாவின் அறையில்தான் ஓர் ஆள் படுக்கும் அகலம் காணாமல் போயிருந்தது.

அப்பாவுக்கு நாள் நெருங்கிவிட்டது. கண் திறக்கும்போதெல்லாம் அவர் கேட்பது ஒன்றுதான்: "அக்கா வந்துட்டாளா?" அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஊரில் விஷக்காய்ச்சல் பரவியது. நோயாளிகளைத் தனியே அடைக்கும் முகாமின் வண்டி அக்காவை ஏற்றிப்போனது, திரும்பி வரவில்லை என்பதுதான் வீட்டில் சொல்லப்பட்ட கதை. அத்தையை எங்கே புதைத்தார்கள் என்றாவது அவர் காதில் சொல்லி அனுப்பிவிட வேண்டும். அதற்காகத்தான் ஊர் வரலாறு எழுதும் பழைய வாத்தியாரைத் தேடிப் போனாள். வீட்டை அளக்கச் சொன்னவரும் அவர்தான்.

போனில் அளவைச் சொன்னாள்.

"டேப்ப ஒழுங்காப் பிடிச்சியாம்மா? நீயே தப்பா அளந்தா ஊர்ல ஒருத்தனும் சட்டைக்கு பட்டன் போட முடியாது."

"திரும்பவும் அளந்துட்டேன் சார்."

மறுமுனையில் காகிதங்கள் புரளும் சத்தம் கேட்டது.

"உங்க தெருவுக்கு வண்டி வரவே இல்லம்மா. அதுக்குள்ள வெள்ளத்துல பாலம் போயிடுச்சு. ஆனா வந்துடும்னு பயந்து, சில வீட்ல சீக்காளிய உள்ள வச்சு வாசலைச் செங்கல்லால அடைச்சுட்டாங்க. சோறு குடுக்கக் கை நுழையற அளவுக்கு ஒரு ஓட்டை மட்டும்."

"அப்புறம் திறந்திருப்பாங்கல்ல சார்?"

"மத்த பிள்ளைங்களுக்கும் ஒட்டிக்கும்னு திறக்கவே இல்லம்மா."

மழையில் மதியமே இருட்டிக் கிடந்தது. ஓட்டில் விழும் மழைக்கும், கூடத்துக் கடிகாரத்துக்கும், அப்பாவின் இழுபட்ட மூச்சுக்கும் அடியில், காரைச் சுவரை நகத்தால் மெல்ல மெல்லத் தேய்ப்பதுபோல இன்னொரு சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. பிறந்த நாளிலிருந்தே அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறோம் என்று இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அறை வாசலில் ஒரு வாடை. வியர்வையில் ஊறிய தலைமுடியின் வாடை.

அப்பாவுக்குத் தலையில் முடியே இல்லை.

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். போர்வையெல்லாம் உதிர்ந்த காரை. அவருடைய கை முழங்கைவரை சுவருக்குள் இருந்தது.

"அப்பா?"

"சத்தம் போடாதம்மா." குரல் தெளிவாக இருந்தது. அழுதுகொண்டிருந்தார். "இங்கயேதான் இருந்திருக்கா. நான் முட்டாள் மாதிரி தெருவையே பாத்துட்டுக் கிடந்தேன். கை எப்படிக் கொதிக்குது தெரியுமா. அக்காவுக்கு இன்னும் காய்ச்சல் விடல."

ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை.

"அப்பா. கைய எடுங்க."

அவர் தலை தலையணையில் சரிந்தது. மூச்சு இல்லை.

பலங்கொண்ட மட்டும் இழுத்தாள். கை கொஞ்சம் வெளியே வந்தது. அதன் மணிக்கட்டைச் சுற்றி ஒரு பிள்ளையின் விரல்கள். சிவந்தவை. ஈரமானவை. ஆறிக்கொண்டிருந்த அந்தக் கையை விடாமல், தூங்க வைப்பதுபோல, அவை மெதுவாகத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தன.