பச்சையை நம்பிப் போன மூவர்

"நாளைக்குப் பத்து மணிக்கு ஆபீசர் வர்றாரு. வத்தாத ஊத்து ஒண்ணைக் காட்டலைன்னா நம்ம ஊரையே மலைக்குக் கீழ இறக்கிருவாங்க. என்கூட யாரு வர்றீங்க?"

தமயந்தி கேட்டதும் குளிர்ப்பட்டியின் நாற்பது வீட்டாரும் தரையைப் பார்த்தார்கள். பழனி மலைத்தொடரின் மேல்சரிவில் இருக்கிறது அந்த ஊர். இரண்டு வருடமாக மழை பொய்த்து, ஊர்க் குழாயில் காற்றுதான் வந்துகொண்டிருந்தது. கடைசியில் இரண்டே பேர் எழுந்தார்கள். ஒருத்தி மாடு மேய்க்கும் பேச்சியம்மா. இன்னொருவர் ஜீப் ஓட்டும் சவரிமுத்து. ஊர் போனால் சவாரியும் போய்விடுமே என்ற கவலைதான் அவரைக் கிளப்பியது. மற்றபடி மனுஷருக்கு ஓணானைக் கண்டாலே பயம்!

தமயந்தி செல்போனை நீட்டினாள். செயற்கைக்கோள் எடுத்த மலையின் படம். கல்லூரியில் படித்தபோது அதைப் பார்க்கக் கற்றிருந்தாள்.

"இருபது வருசத்துக்கு முந்தி கல்தொட்டி ஊத்தைச் சுத்தி வெறும் பழுப்பு. இப்பப் பாருங்க, கரும்பச்சை! தண்ணி இல்லாமலா இப்படி வளரும்?"

"பழுப்பாத் தெரியுதே, இந்தப் பள்ளம்? அங்கதான் என் மாடுக..." என்று பேச்சியம்மா ஆரம்பித்தாள்.

"அது ஒண்ணுமில்லாத இடம்க்கா. நேரமாச்சு, நடங்க!"

மூன்று மணி நேரம் ஏறினார்கள். புல்வெளி முடிந்தது, சீகை மரங்கள் தொடங்கின. தோல் பதனிட வெள்ளைக்காரன் கொண்டுவந்த மரம். நெருக்கி அடித்துக்கொண்டு நின்றது. அடியில் ஒரு புல் இல்லை, ஒரு குருவிச் சத்தம் இல்லை.

"நில்லுங்க!" என்று பேச்சியம்மா கிசுகிசுத்தாள். "காட்டுமாடு!"

இருபது அடி தூரத்தில் கரிய உருவம் ஒன்று நின்றது. சவரிமுத்து, "மாதாவே!" என்று ஒரு மரத்தைக் கட்டிக்கொண்டார். ஆனால் அது பாயவில்லை. விலா எலும்பு துருத்த, ஒரு கல்தொட்டியை நக்கிக்கொண்டிருந்தது. நக்கி நக்கிப் பார்த்துவிட்டுத் தள்ளாடிப் போயிற்று.

மூவரும் ஓடினார்கள். ஐயோ! தொட்டி எலும்பாய்க் காய்ந்து கிடந்தது. ஊற்றுக்கண்ணைப் பிளந்துகொண்டு தொடை தடிமனுக்கு ஒரு சீகை வேர்!

அதைவிடப் பெரிய அதிர்ச்சி பக்கத்துப் பாறையில் இருந்தது. அதில் கொத்தியிருந்த எழுத்தைத் தமயந்தி விரலால் தடவினாள். 'தமயந்தி'. அவள் பெயரேதான்!

குளிர்ப்பட்டியில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை பிறந்தால், அதன் அடுப்புக்கு விறகு வேண்டுமே என்று அப்பா மேட்டில் ஒரு படி சீகை விதையைத் தூவி, பாறையில் பெயரைக் கொத்திவிட்டு வருவார்.

"அப்ப இந்த ஊத்தைக் குடிச்சது... என் மரமா?" தமயந்தி அந்த வேரைத் தொட்டுப் பார்த்தாள். அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

"எல்லார் வீட்டுலயுந்தான் தூவுனோம்," என்றாள் பேச்சியம்மா. "முந்தியெல்லாம் மார்கழி உறைபனி சீகைக் கன்னைக் கருக்கிரும், பாதி தேறாது. இப்பப் பனி எங்க விழுது? அம்புட்டும் மொளைச்சிருச்சு! சரி, அழுதா ஊத்து பெருகுமா? அந்தப் பழுப்புப் பள்ளத்துக்கு நட."

"அங்க என்னக்கா இருக்கு?"

"அங்க மேயுற மாடு வீட்டுல தண்ணித் தொட்டியைத் திரும்பிக்கூடப் பாக்காது. இத்தனை வருசமா அது ஏன்னு நான் யோசிக்கவே இல்லையே!"

பொழுது சாய இரண்டு மணி நேரம்தான் இருந்தது. ஓடினார்கள், சறுக்கினார்கள், எழுந்து மறுபடி ஓடினார்கள். பள்ளம் முழுக்க இடுப்பளவுப் புல். நுனியெல்லாம் காய்ந்து பழுத்திருந்தது. சவரிமுத்துதான் முதலில் குதித்தார்.

தொப்!

"ஐயோ, முழுகுறேனே! தூக்குங்க!"

இடுப்புவரை இறங்கிவிட்டார். பேச்சியம்மா சேலை முந்தானையை வீசி இழுத்தாள். அவர் கால் வெளியே வந்த குழியில் கொப்புளித்துக்கொண்டு வந்தது தண்ணீர்! தமயந்தி இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தாள். பல் கூசியது. என்றோ பெய்த மழையெல்லாம் புல்லின் வேரடியில் பத்திரமாக இருந்திருக்கிறது!

மறுநாள் ஆபீசர் அதே பள்ளத்தில் முழங்கால்வரை இறங்கி நின்று, ஊர் இங்கேயே இருக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார். ஊரே சவரிமுத்துவைத் தோளில் தூக்கியது. தான் வேண்டுமென்றேதான் குதித்ததாக அவர் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பச்சையாக இருப்பதெல்லாம் வளம் என்று நம்பிய ஊர் இப்போது வழக்கத்தை மாற்றிவிட்டது. பிள்ளை பிறந்தால் நூறு சீகைக் கன்றுகளைப் பிடுங்க வேண்டும்.

முதலில் அரிவாளோடு மலையேறியவர் தமயந்தியின் அப்பா. மகளின் பெயர் இருந்த பாறையருகே, ஊற்றுக்கண்ணை அடைத்த வேரைக் கொத்தத் தொடங்கினார்.

"உனக்கு நல்லதுன்னுதாம்மா விதைச்சேன்."

"தெரியும்ப்பா," என்றாள் தமயந்தி. "அந்தப் பக்கம் பிடிங்க. இந்த வேரு பெருசு, ஒருத்தரால ஆகாது."