தாங்கிக்கொள்ள ஒருவர்

குப்பைச் செரிப்பியை எங்கே வைப்பது என்று முடிவெடுக்க நடுவிக்கு ஒரு தும்மல் நேரம்தான் ஆனது. அதற்குள் கூட்ட அறையில் இருந்தவர்கள் மணிக்கட்டில் கிடந்த வளையத்தைப் பார்த்தபடி மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு சுவரிலிருந்து அந்தக் குழைவான குரல் வந்தது.

"பி பிளாக், தரைத்தளம், நவநீதன் வீட்டுப் படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே. மொத்த வருத்தம் மிகக் குறைவாக வரும் இடம் அதுதான்."

கூட்டம் கை தட்டியது. கடைசி வரிசையில் இருந்த நவநீதனும் தட்டினார். மனைவி ஹேமப்பிரியா அவர் கையைப் பிடித்து நிறுத்திய பிறகுதான், பேச்சு தன் வீட்டைப் பற்றியது என்று அவருக்கு உறைத்தது.

"பரவால்லீங்க. எங்கியோ ஒரு எடத்துல வெச்சுத்தானே ஆகோணும்" என்றார்.

கோயம்புத்தூர் வடவள்ளியில் பூந்தளிர் வளாகம் என்றால் ஒரு காலத்தில் ஊர் சிரிக்கும். சங்கக் கூட்டம் கூடினால் யாருக்குத் தொண்டை பெரிதோ அவருக்குத்தான் நியாயம். ஒருமுறை தண்ணீர் முறை பற்றிப் பேசப் போய், பிளாஸ்டிக் நாற்காலிகள் பறந்தன. அப்போதுதான் செயலாளர் கிஷோர் அலைந்து திரிந்து இந்த வருத்தமானியைக் கொண்டுவந்து மாட்டினார். வீட்டுக்கு ஒரு வளையம். வளையம் நாடியையும் வியர்வையையும் குரலின் நடுக்கத்தையும் பார்த்து, போட்டிருப்பவருக்கு எவ்வளவு வருத்தம் என்று அளக்கும். கதவுக்கு மேலே ஒரு விளக்கும் வளையத்தில் ஒரு சிறு விளக்கும் அதைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று காட்டும். நடுவி என்ற அதன் இயந்திர மூளை எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, எந்த முடிவால் வருத்தம் மிகக் குறைவோ அதைச் சொல்லும். நடுவிக்குச் சொந்தக்காரன் கிடையாது, சாதிக்காரன் கிடையாது, தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்துச் சரிக்கட்டவும் முடியாது.

நடிப்பும் எடுபடாது. சி பிளாக்கில் ஒருவர் வண்டி நிறுத்தும் இடத்துக்காக மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்; விளக்கு பச்சையாகவே இருந்தது. கூட்டம் வயிறு வலிக்கச் சிரித்தது. ஏமாற்ற வழியில்லை என்று தெரிந்ததும் மக்கள் நேர்மைக்குத் திரும்பினார்கள். நிஜமாகவே வருத்தப்படக் கற்றுக்கொண்டார்கள். மொட்டை மாடியில் காலை யோகா நடந்த இடத்தில் இப்போது மனம் நோகும் பயிற்சி நடக்கிறது. நடத்துபவர் ஏ பிளாக் நிரோஷா. மேல் வீட்டில் ஸ்பூன் விழுந்தால் இவர் வீட்டு விளக்கு சிவந்துவிடும். வளாகத்தில் அவருக்குத் தனி மரியாதை.

நவநீதன் அந்தப் பக்கம் போனதில்லை. ஒரு பஸ் கம்பெனியில் புகார் வாங்கும் மேஜையில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். ஊர்ப்பட்ட திட்டையெல்லாம் வாங்கிக்கொண்டு, திட்டியவருக்குத் தண்ணீர் பாட்டிலும் கொடுத்து அனுப்பியவர். அதனால் தண்ணீர் மோட்டார், நாய்களுக்குச் சோறு வைக்கும் இடம், கிறீச்சிடும் ஊஞ்சல், வண்டிகளுக்கு மின்சாரம் ஏற்றும் கம்பம் எல்லாம் ஒவ்வொன்றாக அவர் ஜன்னலைத் தேடி வந்தன. எல்லாமே நியாயமான முடிவுகள். வளையத்தை ஹேமப்பிரியா போட்டிருந்தால் கதையே வேறு. வளையம் வந்த நாளில் "எனக்கெதுக்கு அந்தக் கருமம்" என்று அவர்தான் கணவன் கையில் மாட்டிவிட்டார். ஒருமுறை மாட்டினால் மாற்ற முடியாது.

அன்று வீட்டுக்கு வந்ததும் ஹேமப்பிரியா கதவைச் சாத்தினார்.

"ஏனுங்க, இந்த வளாகமே சேந்து உங்க தலையில மொளகா அரைக்குது. நீங்க அசையாமத் தலையக் காட்டீட்டு உக்காந்திருக்கீங்க."

"அவங்களும் என்ன பண்ணுவாங்க, பாவம்."

"பாவம் நானுங்க. அடுத்த ஞாயித்துக்கெழம மேல்முறையீடு இருக்குது. அதுக்குள்ள உங்களுக்கு வருத்தம் வரோணும். வர்லீன்னா நான் வால்பாறைக்கு எங்கக்கா ஊட்டுக்குப் போயிருவேன். அந்த நாத்தத்துல என்னால படுக்க முடியாது."

அவர் சொன்னால் செய்கிறவர். நவநீதன் மறுநாளே பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார். நிரோஷா அவரை முன்வரிசையில் உட்கார வைத்தார்.

"கண்ண மூடிக்கங்க. உங்க வண்டிக்குக் குறுக்கால ஒருத்தர் வண்டிய நிறுத்தீட்டுப் போயிட்டாரு. நெனச்சுப் பாருங்க."

"நெனச்சாச்சுங்க."

"என்ன தோணுது?"

"என்ன அவசரமோ. ஊட்டுல யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லாம இருக்கும்."

"அங்கதான் தப்புப் பண்றீங்க. அடுத்தவங்க பக்கம் எட்டியே பாக்கக் கூடாது. எனக்கு மட்டும் ஏன் இப்படி? அதுலயே நில்லுங்க. நவுறாதீங்க."

நவநீதன் நின்று பார்த்தார். அவர் மனசு வேலி தாண்டும் ஆடு மாதிரி அடுத்தவர் பக்கமே ஓடியது. வாரம் முழுக்கப் பயிற்சி செய்தும் விளக்கு மஞ்சள் பக்கம்கூடத் திரும்பவில்லை. கடைசி நாள் எல்லோரும் போன பிறகு நிரோஷாவிடம் கேட்டார்.

"மேடம், நெழல்ல பார்க்கிங், மொதல் தண்ணி, மொதல் லிப்ட்டு, எல்லாம் உங்களுக்குத்தான். இன்னும் எதுக்கு உங்க வெளக்கு செவப்பாவே இருக்குது?"

நிரோஷா பாயை மடித்துக்கொண்டே சொன்னார். "எல்லாங் கெடச்சுதுங்க. தூக்கந்தான் போயிருச்சு. மேல நாற்காலி நவுறும் நவுறும்னு காத்துட்டே படுத்திருக்கேன். நவுந்தாலும் எரியுது, நவுறாட்டியும் எரியுது. நிறுத்தீரலாம்னு பாக்கறேன், முடியல."

அதைக் கேட்டு நவநீதனுக்கு உண்மையிலேயே நெஞ்சு கனத்தது. அப்போதும் விளக்கு பச்சைதான். அடுத்தவருக்காகப் படும் வருத்தத்தை வருத்தமானி கணக்கில் எடுப்பதில்லை. அதையும் சேர்த்தால் நியாயம் குழம்பிவிடும் என்று தயாரித்தவர்கள் விட்டுவிட்டார்கள்.

மேல்முறையீடு தோற்றது. குப்பைச் செரிப்பி வந்து இறங்கியது. கல்யாண விருந்து சாப்பிட்ட பெரியப்பா மாதிரி அது அடிக்கடி ஏப்பம் விட்டது. வாசனையைப் பற்றிச் சொல்லாமல் இருப்பது நல்லது. ஹேமப்பிரியா ஒரு பையில் துணியை அடைத்துக்கொண்டு வால்பாறை பஸ் ஏறினார். பஸ் கிளம்பும்வரை நவநீதன் ஜன்னல் ஓரமாகவே நின்றார். ஹேமப்பிரியா திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து ரசம் வைக்கலாம் என்று அஞ்சறைப் பெட்டியைத் திறந்தார். எது எவ்வளவு என்று தெரியவில்லை. மூடி வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்தார். ஜன்னலுக்குக் கீழே ஏப்பம் கேட்டது. எனக்கு மட்டும் ஏன் இப்படி என்று, பயிற்சியில் ஒருநாளும் வராத அந்தக் கேள்வி, கூப்பிடாமலே வந்தது. இந்தத் தடவை மனசு அடுத்தவர் பக்கம் ஓடவில்லை. விளக்கு மஞ்சளாகி, சிவந்து, அப்படியே நின்றது. காவலாளி பார்த்துவிட்டு பல்பு கெட்டுவிட்டது என்று எலெக்ட்ரீஷியனுக்குப் போன் செய்தார்.

நடுவி எல்லாக் கணக்கையும் புதிதாகப் போட்டது. எதையும் வைக்க, வருத்தம் குறைந்த இடம் என்று இப்போது ஒன்றுகூட இல்லை. செரிப்பி வாயை மூடிக்கொண்டது. ஊஞ்சலுக்குப் பூட்டு விழுந்தது. மோட்டார் நின்றது. மத்தியானம் குழாய்களில் காற்று மட்டும் வந்தது. கிஷோர் அவசரக் கூட்டம் போட்டு நடுவியைக் கெஞ்சினார்.

"மோட்டாருக்கு எதாச்சும் ஒரு எடஞ்சொல்லு."

"எல்லா இடத்திலும் ஒரே அளவு வருத்தம். எல்லோருக்கும் சமம் என்றால் அது முழு நியாயம். மாற்றுவதற்குக் காரணம் இல்லை" என்றது நடுவி. அதன் குரலில் லேசான பெருமைகூட இருந்த மாதிரி பட்டது.

வருத்தமானியையே கழற்றி எறிந்துவிடலாம் என்று யாரோ சொன்னார்கள். பழைய கூட்டங்களையும் பறந்த நாற்காலிகளையும் நினைத்த மாத்திரத்தில் எல்லா வளையங்களும் துடித்தன. நடுவி அந்த யோசனையைத் தள்ளிவிட்டது. இத்தனை நாள் யார் தலைமேல் ஏறி நின்றுகொண்டு நியாயம் பேசினோம் என்பது பூந்தளிருக்கு அப்போதுதான் புரிந்தது.

கிஷோரே வண்டியை எடுத்துக்கொண்டு மலையேறினார். ஹேமப்பிரியா வாசலில் வைத்தே பேசினார். செரிப்பிக்குச் சத்தமும் வாசனையும் வராமல் கூண்டு போட வேண்டும், நிழல் பார்க்கிங் வேண்டும், இன்னும் என்னென்னவோ வேண்டும். கிஷோர் எல்லாவற்றுக்கும் தலையாட்டி அவரை அழைத்துவந்தார்.

அன்று முதல் நவநீதன் வளாகத்தின் செல்லப்பிள்ளை. விடிந்தால் நிரோஷா வீட்டிலிருந்து காபி. ஞாயிற்றுக்கிழமை ஏதாவது ஒரு வீட்டிலிருந்து நெய் மணக்க அரிசிம்பருப்புச் சோறு. அவர் பையைத் தூக்கினால் வாங்கிக்கொள்ள ஆள் ஓடி வரும். ஊஞ்சல் ஆடும் பிள்ளைகள்கூட அவர் தூங்கும் நேரம் கேட்டுக்கொண்டு ஆடினார்கள். அவர் வீட்டைக் கடக்கும் எவரும் முதலில் விளக்கைப் பார்ப்பார்கள், அப்புறம்தான் "நல்லாத் தூங்குனீங்களாங்ணா?" என்பார்கள். விளக்கு பச்சையாக இருந்தது, மோட்டார் ஓடியது. அக்கம்பக்கம் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று பக்கத்து வளாகத்தார் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

மழைக்காலம் முடிந்த சமயம், ஒருநாள் காபி கொஞ்சம் ஆறிப்போய் வந்தது. நவநீதன் வழக்கம்போலச் சிரித்தபடி வாங்கிக் குடித்தார். குளியலறையில் சோப்புப் போட்டுக்கொண்டு நின்ற வளாகத்தினர் அத்தனை பேருக்கும் தண்ணீர் நின்றது. வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்த நவநீதன், சிவந்திருந்த விளக்கை நம்ப முடியாமல் வளையத்தைத் தட்டிப் பார்த்தார். அடுத்த வாரம் அரிசிம்பருப்புச் சோற்றில் நெய் குறைந்தது, ஊஞ்சல் நின்றது. பிறகு ஒருவர் நலம் விசாரிக்க மறந்துபோனார். மறுபடி குழாயில் காற்று. நவநீதனுக்கே வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டாலும் விளக்கு இறங்கவில்லை. சொகுசு என்பது அப்படித்தான், உடம்புக்குள் இறங்கிய பிறகு வெளியே போகச் சொன்னால் போகாது.

அந்தச் சமயத்தில் அவர் வீட்டுக்குப் பக்கத்து வீடு காலியானது. வாடகைக்குக் கேட்டு அத்விக் என்று ஒரு இளைஞனும் அவன் மனைவி யாழினியும் வந்தார்கள். கிஷோர் அவன் கையில் சோதனை வளையத்தை மாட்டி, சாவி தொலைந்துவிட்டது என்று சொல்லி இருவரையும் வெயிலில் நிற்க வைத்தார். வளையம் பச்சை. பிறகு வீட்டை வேறு ஒருவருக்குப் பேசிவிட்டதாகச் சொன்னார். "அவங்களுக்கு அவசரமாட்ட இருக்குதுங்க" என்றான் அத்விக். பச்சை. கடைசியில் தன் வண்டியைத் தள்ளச் சொன்னார். தள்ளிவிட்டு வந்த அத்விக், "உங்களுக்குத்தான் ரொம்ப வேர்க்குதுங்க, தண்ணி குடிக்கறீங்களா?" என்று தன் பாட்டிலை நீட்டினான்.

நிழலில் நாற்காலி போட்டு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த நவநீதனிடம் கிஷோர் வந்து குனிந்தார்.

"தங்கமான பையனுங்ணா. குடி வந்த மறுநாளே செரிப்பி, மோட்டார் எல்லாம் இவங்க ஜன்னலுக்குப் போயிரும். அந்தப் புள்ளைய நெனச்சா எனக்கே மனசு கேக்கல. ஒரு வார்த்த சொல்லீரலாங்களா?"

நவநீதன் அந்த இளம் ஜோடியைப் பார்த்தார். யாழினி ஜன்னலடியைக் காட்டி ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒரு தொட்டிச் செடி வைக்கும் திட்டம் போலிருந்தது.

"வேண்டாங்க" என்றார் நவநீதன். "சொன்னா, அந்தப் பையனுக்கு வருத்தமா இருக்கும்."

கிஷோர் பழக்கதோஷத்தில் திரும்பி அவர் வீட்டு விளக்கைப் பார்த்தார். நல்ல பச்சை.