கெர்தாமாசின் பங்கு

பொழுது சாயும் வேளையில், தீமோனாக்ஸ் ஆண்டுதோறும் வருவதுபோலவே கெர்தாமாஸ் மன்னனின் கல்லறைக்கு வந்து சேர்ந்தான்.

டிராய்ப் போரில் வென்று திரும்பியவன் கெர்தாமாஸ். திரும்பிய ஆண்டு பஞ்சம். களஞ்சியத்தை உட்புறம் தாழிட்டுக்கொண்டு அவன் மட்டும் உண்டான். குடிகள் மண்ணைத் தின்று மாண்டனர். இத்தகையவனையும் மாவீரன் என்று ஊரார் வணங்கினார்களே, அஃது அன்பினால் அன்று, அச்சத்தினால். கறுப்புக் கிடாயின் குருதியை, அவன் வெண்கலக் கவசத்தோடு கிடக்கும் கல்லறைக் குழியில் ஊற்றுவார்கள். இறைச்சியைக் கல்லறை மதிலுக்குள்ளேயே உண்டு முடித்துவிட வேண்டும். ஒரு துண்டுகூட வெளியே போகக் கூடாது.

ஆனால், காய்ச்சலில் பல நாள் எதையும் தொடாத தீமோனாக்ஸின் மகள் மிர்த்தோ, “கறி வேணும்பா” என்று அன்று காலையில்தான் முனகியிருந்தாள். ஒரு துண்டை மேலாடைக்குள் மறைத்தான்.

“என்ன மச்சான், வாயில போடுறத மடியில போடுற? அங்க புதுசா வாய் முளைச்சிருக்கா?” என்று இளித்தான் மைத்துனன் சோசிபியோஸ்.

“கத்தாதடா. பிள்ளைக்கு.”

இளிப்பு அடங்கியது. “வச்சிட்டுப் போ மச்சான். பங்கு கேட்டு வந்துடுவான்.”

“செத்தவனுக்கு என்னடா பசி?”

வீடு திரும்பும் வழியில், ஒலிவத் தோப்பில் காற்றே இல்லை. ஈரமண்ணும் களிம்பேறிய வெண்கலமும் கலந்த வாடை. பின்னால் கல்லில் உலோகம் உரசும் ஒலி.

நின்றான்.

அதுவும் நின்றது.

பிடரியில் குழிக்குள்ளிருந்து வருவதுபோன்ற குளிர்ந்த மூச்சு. இறைச்சியை வீசி எறிந்துவிட்டு ஓடினான்.

ஒலி இறைச்சியின் அருகில் நிற்கவில்லை.

அவனையும் கடந்து, அவன் வீட்டை நோக்கிச் சென்றது.

வாசலில் மனைவி நிக்காரெத்தி சிரித்தபடி நின்றாள். “எங்கய்யா போயிட்ட? இப்பத்தான் பிள்ளை எழுந்து உக்காந்தா! இருந்த ரொட்டி, பாலாடைக்கட்டி எல்லாம் காலி!”

உள்ளே, மரப்பலகையில் அமர்ந்து மிர்த்தோ பச்சை மாவை அள்ளி அள்ளி விழுங்கிக்கொண்டிருந்தாள்.

“போதும் கண்ணு,” என்றான்.

அவள் நிமிரவில்லை. “இன்னும் கொண்டா.”

நிக்காரெத்தி மகளைத் தூக்கக் குனிந்தாள். முடியவில்லை. இருவரும் சேர்ந்து தூக்கினார்கள். காய்ச்சலில் இளைத்து எலும்பாகியிருந்த அந்தச் சிற்றுடல் இம்மியும் அசையவில்லை. அதன் கீழே மரப்பலகை மட்டும் மெல்ல விரிசல் கண்டுகொண்டிருந்தது.