லிஃப்ட் மணி கேட்கும் வீடு

அந்தச் சத்தத்தைப் பற்றி முன்பின் தெரியாத யாரோ எழுதியிருந்ததுதான் முதலில் இன்ஸாஃபை உறுத்தியது.

காலையில் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே சிக்கி நின்றுபோன லிஃப்ட், உள்ளே ஆள் யாருமில்லாமலே, விட்டுவிட்டு மணியடித்துக்கொண்டிருந்தது. அலெக்ஸாந்திரியாவின் குளிர்காலப் புயல் கடலிலிருந்து உப்பையும் அழுகிய பாசியின் வாடையையும் அள்ளி வந்து படிக்கட்டுக்குள் சுழற்றியடிக்க, அந்த மணி சில சமயம் காதோரத்திலும் சில சமயம் எங்கோ தண்ணீருக்கடியிலும் ஒலிப்பதுபோல இருந்தது. நோன்பு திறக்க இன்னும் கொஞ்ச நேரம்தான். அடுப்பில் பருப்பு சூப் சீரக வாசனையோடு கொதித்துக்கொண்டிருந்தது. இன்ஸாஃப் ஒரு கையில் கரண்டியும் மறு கையில் ஃபோனுமாக நின்றாள்.

தம்பி அத்ஹம் இறந்துபோன பிறகு அவன் ஃபோனைத் திறந்தபோதுதான் அப்படியொரு இடம் இருப்பதே அவளுக்குத் தெரியவந்தது. சாக நினைப்பவர்கள் முகம் தெரியாதவர்களிடம் யோசனை கேட்கும் குழு. அத்ஹமும் கேட்டிருந்தான். பதில் சொன்னவர்களில் ஒருவர்கூட அவனைத் திட்டவில்லை. எல்லோரும் அன்பாகப் பேசியிருந்தார்கள், தாலாட்டுவதுபோல. அன்றிலிருந்து அவள் பொய்ப் பெயரில் அங்கே போய், கிடைத்தவரிடமெல்லாம் கெஞ்சுவாள். நாளை வரை பொறு, வீட்டில் ஒருவரிடமாவது சொல்லு. சிலர் பொறுத்தார்கள், பிறகு நன்றி சொல்லி எழுதினார்கள். பல பெயர்கள் அப்படியே மௌனமாகிவிட்டன.

இன்று ஒரு புதுப் பெயர் எழுதியிருந்தது.

"பாங்கு சொன்னதும் எல்லாரும் தட்டைத்தான் பார்ப்பாங்க. என்னை யாரும் பார்க்க மாட்டாங்க. காலையிலேர்ந்து லிஃப்ட் மணி தன்னால அடிச்சிட்டிருக்கு. அது நிக்கறப்போ நானும் நிறுத்திக்கலாம்னு இருக்கேன். சரிதானே? யாராவது சொல்லுங்களேன்."

கீழே பதில்கள்.

"சரிதான் கண்ணு. ரொம்ப யோசிக்காதே."

"நாங்க கூடவே இருக்கோம்."

"யாராவது கதவைத் தட்டினா சிரி. சிரிச்சா போயிடுவாங்க."

மணி அடித்தது. ஃபோனிலிருந்த வரியும் வெளியிலிருந்த மணியும் ஒன்றாகச் சேர்ந்தன. இந்தக் கட்டடம். இங்கேதான் யாரோ.

குழுவை நடத்துபவர்களுக்குப் புகார் அனுப்பினாள். பதிலில்லை. உதவி எண்ணை அழைத்தாள். காத்திருக்கச் சொல்லி இசை ஓடிக்கொண்டே இருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு விரைந்தாள்.

மகள் ஜுமானா மேஜையில் பேரீச்சம்பழத் தட்டை வைத்துக்கொண்டிருந்தாள். "உம்மா, பாங்கு சொல்லப்போற நேரத்துல எங்க கிளம்பிட்ட? மேல் வீட்டுச் சம்பூசா வாசனை இழுக்குதா?"

"இப்ப வந்துர்றேன்டி."

"லேட்டானா உன் பங்கு கத்தாயிஃப் இனிப்பும் எனக்குத்தான். அப்புறம் அழக்கூடாது."

மூன்றாம் மாடிக் கதவைத் திறந்தவர் வக்தி, கப்பலில் இஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் துணியைச் செருகிக்கொண்டு சாப்பிடத் தயாராக நின்றார்.

"வாங்க, வாங்க! இந்த நேரத்துல வர்ற விருந்தாளிய வானத்து மலக்குமாருதான் அனுப்பி வைப்பாங்க. அடியே, இன்னொரு தட்டு எடு!"

"இல்ல, சும்மாதான். வீட்ல எல்லாரும் நல்லா இருக்கீங்களா?"

"இதக் கேக்கவா புயல்ல படியேறி வந்தீங்க? இவ சமையலச் சாப்பிட்டும் உயிரோட இருக்கேன்ல, அது போதாதா?"

அவர் சிரித்தார். பின்னால் நின்ற மனைவியும் சிரித்தாள். என்ன கேட்பது? எப்படிக் கேட்பது?

நான்காம் மாடியில் ஹிபா. இடுப்பில் கைக்குழந்தை, கண்கள் சிவந்திருந்தன.

"வெங்காயம்க்கா," என்றாள், கேட்பதற்கு முன்பே. "உள்ள வாங்க. அவரு வர்ற நேரம்தான்."

இன்ஸாஃப் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "சாகணும்னு ஏதாவது தோணுதாம்மா? இருந்தா எங்கிட்ட சொல்லு. நான் பயப்பட மாட்டேன். யார்கிட்டயும் சொல்லவும் மாட்டேன்."

"ஐயோ, என்னக்கா பேச்சு இது, நோன்பும் அதுவுமா! பசி மயக்கமா உங்களுக்கு?" சிரித்தாள். குழந்தை வீரிட்டது. கதவு மூடியது.

ஐந்தாம் மாடியில் தனியாக இருக்கும் பியானோ டீச்சர் யூஜினி. அவளுக்குப் பின்னால் கூடத்தில் விளக்கே இல்லை. மெழுகும் பழைய துணியும் கலந்த வாடை.

"உங்க நோன்பு வேற, எங்க நோன்பு வேற. ஆனா பசி ஒண்ணுதான், இல்லையா?" என்று சிரித்தாள். "நான் நல்லாத்தான் இருக்கேன் பொண்ணே. போய்ச் சாப்பிடு."

பாங்கு ஒலித்தது. அடுத்த நொடி தெரு செத்துப்போனது. ஒரு காரில்லை, ஒரு குரலில்லை. புயல் மட்டும். மின்சாரம் ஒருமுறை துடித்து அணைந்தது. இருட்டில், சுவர்களுக்கு அப்பால், தட்டுகளில் கரண்டி உரசும் சத்தம்.

ஃபோன் அதிர்ந்தது. அதே பெயர்.

"தட்டினாங்க. சிரிச்சேன். போயிட்டாங்க."

கீழே ஒரே ஒரு பதில். "சபாஷ்."

லிஃப்ட் மணி நின்றது.

இன்ஸாஃப் யூஜினியின் கதவை அறைந்தாள். திறக்கவில்லை. சுவரைத் தடவிக்கொண்டே ஓடி இறங்கி ஹிபாவின் கதவை உதைத்தாள். "ஹிபா! திற!" கரண்டிச் சத்தம் நின்றது. குழந்தையின் அழுகையும். இன்னும் இறங்கி வக்தியின் கதவை இரண்டு கையாலும் குத்தினாள். யாரும் வரவில்லை.

படியில் உட்கார்ந்து குழுவில் எழுதினாள். "தட்டினது நான்தான். படிக்கட்டுலதான் இருக்கேன். உனக்காகத்தான் இருக்கேன். கதவைத் திற."

அனுப்பினாள்.

டிங்.

குழுவில் புதிதாக ஏதாவது வந்தால் கேட்கும் அந்தச் சின்ன ஓசை. நான்காம் மாடியிலிருந்து. ஹிபாதான். இன்ஸாஃப் எழுந்தாள். ஒரு படி ஏறினாள்.

டிங். ஐந்தாம் மாடி.

டிங். வக்தியின் வீடு.

நின்றுவிட்டாள். இதில் யோசனை கேட்டவர் யார்? சபாஷ் சொன்னவர் யார்?

டிங். முதல் மாடி. டிங். அதற்கும் கீழே. மேலே மறுபடி. மழை பிடித்ததுபோல.

பிறகு இரண்டாம் மாடி.

அவள் வீடு.

"ஜுமானா?"

கைப்பிடியைப் பற்றிக்கொண்டு குனிந்து கீழே பார்த்தாள். பிறகு மேலே. இருட்டில் ஒவ்வொரு கதவின் அடியிலும் ஃபோன் திரையின் மெல்லிய நீல வெளிச்சம். ஒவ்வொரு வெளிச்சத்திலும் இரண்டு பாதங்களின் நிழல். கதவோடு ஒட்டி நின்ற, அசையாத பாதங்கள்.

அவள் வீட்டுக் கதவடியிலும்.