சிறப்புப் பேருந்துக்குக் காத்திருப்பவர்கள்

சோதனையை நிறுத்திய பிறகும், டிக்கெட்டுக்குக் காத்திருப்பவர்களின் எண்ணிக்கையைக் காட்டும் அந்தக் கோடு தரைக்கு இறங்கவில்லை. மளமளவென்று சரிந்து வந்த வரைபடம், அடியைத் தொடுவதற்குச் சற்று முன் ஒரு சின்னத் திட்டில் நின்றுவிட்டது. ஹைமவதி மறுபடி நிறுத்தினாள். திட்டு அசையவில்லை.

போகிக்கு முந்தின நாள் மாலை. குக்கட்பல்லியில் இருந்த அந்த பஸ் டிக்கெட் கம்பெனியில் அவளைத் தவிர எல்லோரும் ஊருக்குக் கிளம்பியிருந்தார்கள். சங்கராந்திக்கு எத்தனை பேர் வந்து மோதுவார்கள், எத்தனை சர்வர் இருந்தால் தாங்கும் என்று முன்கூட்டியே கணிப்பது அவள் வேலை. குறைத்துக் கணித்தால் இணையதளம் படுத்துவிடும், கூட்டிக் கணித்தால் முதலாளி படுத்துவிடுவார். நாளைக் காலை கடைசி நேரக் கூட்டம் மோதும் என்பதால், பொய்ப் பயணிகளை ஆயிரக்கணக்கில் ஏவிவிட்டு ஒருமுறை தாங்குகிறதா என்று பார்த்தாள். தாங்கியது. இப்போது அவர்கள் போக வேண்டும், அவ்வளவுதான். ஒரு சிலர் போக மறுத்தார்கள்.

ஏவிவிட்ட கம்ப்யூட்டரையே அணைத்தாள். கேபிளையும் பிடுங்கினாள். ஏசியின் உறுமல் மட்டும் காலி நாற்காலிகளுக்கு நடுவே சுற்றிவர, எங்கிருந்தோ ஈரச் சேற்றின் வாடை, மூடிக் கிடந்த தண்ணீரைத் திறந்தது போல், மெல்ல வந்து மூக்கில் ஏறியது. திரையில் அந்தச் சிலர் இன்னும் இருந்தார்கள். எல்லோரும் ஒரே ஊருக்குத்தான் காத்திருந்தார்கள். அமலாபுரம்.

அவளுடைய ஊர். தங்கை சிந்துஜாவும் அந்த ஊருக்குத்தான் சீட்டுக் கிடைக்காமல், மியாபூர் பஸ் ஸ்டாப்பில் பையோடு நின்றுகொண்டிருந்தாள். "வெயிட்டிங்ல போட்டு வைடி, எப்படியும் ஏத்திவிடறேன்" என்று காலையில் வாக்குக் கொடுத்தவள் ஹைமாதான். காத்திருப்பவர்கள் ஒரு பஸ் அளவுக்குச் சேர்ந்துவிட்டால், யாரையும் கேட்காமல் சிஸ்டமே ஒரு சிறப்புப் பேருந்தைத் திறந்துவிடும். போன சங்கராந்திக்கு அவள் எழுதிய விதி அது. அப்படித் திறந்த வண்டிகளில் ஒன்று கோதாவரி வாய்க்காலுக்குள் இறங்கி, ஒருவரும் பிழைக்காமல் போனதை ஆபீசில் யாரும் பேசுவதில்லை. விதி மட்டும் அப்படியே இருந்தது.

கண்ணெதிரே கோடு விழுந்தது. சுத்தமாகத் தரையில். அப்பாடா என்று அவள் சாய்ந்தபோது போன் அடித்தது.

"அக்கா, நீ தெய்வம்" என்றாள் சிந்துஜா. "டிக்கெட் வந்துடுச்சு. ஸ்பெஷல் பஸ்சாம். திரும்பிப் பாக்கறேன், வண்டி பக்கத்துலயே நிக்குது. ஏறிட்டேன்."

"எந்த ஸ்பெஷல்?"

"அதை நீதான் சொல்லணும். பண்டிகைக்கு உங்க கம்பெனி எடுத்த வாடகை வண்டி போல. அம்மாகிட்ட சொல்லிடு, அரிசெலு சுட்டதுல எனக்கு மிச்சம் வைக்கச் சொல்லு."

ஹைமா வண்டிப் பிரிவுக்குப் போன் போட்டாள். அமலாபுரத்துக்கு இன்று ஒரு ஸ்பெஷலும் விடவில்லை என்றார்கள். பயணிகள் பட்டியலைத் திறந்தாள். ஒரே ஒரு சீட்டைத் தவிர எல்லாவற்றிலும் சோதனைக்கு ஏவிய பயணிகள். அந்த ஒரு சீட்டில் தங்கை. முதல் பெயரைப் படித்தாள். நக்கா வீரலட்சுமி. கண்ணாடி வளையல்கள் உடையாமல் இருந்த ஒரு கையின் படத்தை, போன வருஷம் பேப்பரில் அந்த விபத்துச் செய்தியில், இந்தப் பெயரோடுதான் போட்டிருந்தார்கள்.

வம்சிதர்தான் சோதனையைத் தயார் செய்துவிட்டு ஊருக்குப் போனவன். அவனை அழைத்தாள். எடுத்தவுடன் பின்னால் சேவல் பந்தயக் கூச்சல்.

"வம்சி, பொய்ப் பயணிகளுக்கு எந்தப் பேரைப் போட்டே?"

"போன வருஷக் காத்திருப்பு லிஸ்ட்டை அப்படியே எடுத்து விட்டேன், ஹைமா மேடம். பொய்ப் பேரு நிஜக் கூட்டம் மாதிரி முண்டாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? ஏன், நல்லா முண்டுச்சா?"

அவள் துண்டித்துவிட்டுத் தங்கையை அழைத்தாள்.

"சிந்து, இறங்கு. உடனே இறங்கு."

"லூசா நீ? கிளம்பிடுச்சு." குரல் தாழ்ந்தது. "நல்ல வண்டியா பார்த்து எடுக்க மாட்டீங்களா? ஏசி ஒழுகுது போல, காலடியில ஒரே தண்ணி. சேத்து நாத்தம் வேற. பண்டிகைக்குப் போறவங்க மாதிரியே இல்ல, ஒருத்தரும் வாயத் திறக்கல."

"டிரைவர்கிட்ட நிறுத்தச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு."

காலடிச் சத்தம். ஈரத்தில் நடக்கும் சத்தம். சளக். சளக்.

"சொல்லிட்டேன். திரும்பவே மாட்டேங்கறாரு." மூச்சு வாங்கியது. "அக்கா, எல்லாரும் எழுந்து நிக்கறாங்க."

"ஜன்னலை உடை. சிந்து, கேக்குதா?"

"ஜன்னலுக்கு வெளியவும் தண்ணிதான்க்கா."

பிறகு வளையல்கள் குலுங்கும் ஒலி, போனுக்கு மிக அருகில். சிந்துஜா வளையல் போடுவதில்லை. அதன்மேல் தண்ணீர் நிரம்பும் சத்தம். பிறகு அதுவும் இல்லை.

ஹைமா கத்தினாள். காலி நாற்காலிகள்தான் கேட்டன. திரும்பத் திரும்ப அழைத்தாள். எண் உபயோகத்தில் இல்லை என்றது ஒரு பெண் குரல், தெலுங்கில், நிதானமாக. சேற்று வாடை இப்போது மேசைவரை வந்திருந்தது. பட்டியலில் இருந்து பேருந்து மறைந்துவிட்டது. பெயர்களும் இல்லை.

கோடு மட்டும் அசைந்தது.

தரையில் கிடந்தது ஓர் இம்மி எழும்பியது. யாரோ ஒரே ஒருவர். அவள் தொட்டுத் திறந்தாள்.

சிந்துஜா. அமலாபுரம். காத்திருக்கிறார்.