நாற்பத்தொன்றாம் சாட்சி

பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதில் மரபணுவைச் சோதிக்கும் தளிர்நோக்கிக் கருவி பச்சை காட்டிவிட்டால், பெற்றவர்கள் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவார்கள். மூத்த மகள் அமுதினிக்காக டாக்டர் மங்கையர்க்கரசியும் உடைத்தாள். அந்தக் கருவியை உருவாக்கிய குழுவில் அவளும் ஒருத்தி. பெருமைக்குக் கேட்கவா வேண்டும்!

வளரும் வயதில் மூளை, வேண்டாத நரம்பு இணைப்புகளைத் தானே கழித்துக்கொள்ளும். அந்தக் கழிப்பு கைமீறிப் போகிறவர்களுக்கே மனச்சிதைவு வருகிறது என்று கண்டுபிடித்திருந்தார்கள். அந்த ஆபத்து இருப்பதாகத் தளிர்நோக்கியில் சிவப்பு வந்த பிள்ளைகளுக்குப் பதினான்கு வயதுக்குள் காப்பு மருந்து. அதற்குமேல் கொடுத்தால் விழலுக்கு இறைத்த நீர்.

அமுதினிக்கு இப்போது பதினேழு. "அம்மா, ஃபேன் என்னைத் திட்டுதும்மா. நிறுத்தினாலும் திட்டுது," என்றாள் ஒரு காலையில், இட்லியைத் தொடாமல்.

மங்கை மறுபடி சோதித்தாள். பச்சைதான். காரணம் கேட்டாள். கருவி சொன்னது: "இந்த மரபணு வரிசை மிக அரிது. தீங்கற்றது என்பதற்கு ஒரே சாட்சி, ரத்தம் கொடுத்தவர் எண் நாற்பத்தொன்று. அவர் குடும்பத்தில் நோய் இல்லை."

நாற்பத்தொன்று அவளேதான். ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது ஒப்பீட்டு மாதிரிக்காகக் கொடுத்த ரத்தம். 'குடும்பத்தில் யாருக்கேனும் மனச்சிதைவு உண்டா?' என்று படிவம் கேட்டது. அந்த வாரம்தான் அவளைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். மனச்சிதைவு கண்டதால் பின்கட்டு அறையில் பூட்டிவைத்திருந்த சித்தப்பா வேதாசலம் துபாயில் இருப்பதாக அம்மா கூசாமல் சொன்னாள். மகளும் படிவத்தில் 'இல்லை' என்று எழுதினாள்.

கணவர் ராஜமாணிக்கத்திடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"இப்பத் திருத்தினா சொந்தக்காரங்க எல்லாருக்கும் தகவல் போயிடுமே. நாளைக்குச் சின்னவளை யார் பொண்ணு கேட்டு வருவா? அமுதினி கனடாவுல படிக்கிறான்னு சொல்லிக்கலாம், மங்கை." சொல்லும்போதே அவர் குரல் உடைந்தது. கெட்ட மனுஷன் இல்லை அவர்.

"சின்னவளுக்கு அடுத்த மாசம் சோதனைங்க. திருத்தலைன்னா அவளுக்கும் இந்தப் பொய்ப் பச்சைதான் வரும்."



மங்கை பழைய படிவத்தைத் திறந்து அந்த 'இல்லை'யை மாற்றினாள். ஆம். உறவு: சித்தப்பா. பெயர்: வேதாசலம். இப்போது எங்கே இருக்கிறார்?

இருபத்தைந்து வருடப் பழக்கம். விரல்கள் தாமாகவே 'துபாய்' என்று அடித்துவிட்டன. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அந்த மனிதர் செத்தபோதுகூட வாய்விட்டு அழ வீட்டில் யாரையும் விடவில்லை. அழித்துவிட்டு, 'பின்கட்டு அறையில் இறந்தார்' என்று எழுதினாள்.

இனி சின்னவளுக்குப் பொய்ப் பச்சை வராது. பச்சையிலிருந்து சிவப்பான பிள்ளைகளின் பட்டியலைக் கருவி காட்டியது. முதல் பெயர் அமுதினி: வயது கடந்துவிட்டது. அதன் கீழே இன்னும் ஆறு பெயர்கள், ஆறுக்கும் அதே குறிப்பு. எல்லாம் அவள் கல்யாணத்துக்கு வந்து அட்சதை போட்டு வாழ்த்திய சொந்தக்கார வீட்டுப் பிள்ளைகள்.