கொட்டாவிக்கு ஒரு குழாய்

மாலை ஆனதும் மீன் காட்சியகம் முழுக்க நீலமாகிவிடும். சுவர் நீலம், தரை நீலம், தொட்டி துடைக்கும் அம்மாவின் கைகூட நீலம். பள்ளி விட்டு வரும் குட்டி அந்த நீலத்துக்குள் கைகளை அசைத்து நீந்திக்கொண்டே போவாள். யாராவது பார்த்துவிட்டால் தலையைச் சொறிவதுபோல் நடிப்பாள்.

நீந்திப் போய் நிற்பது கடைசித் தொட்டிக்கு முன்னால். அங்கேதான் கொட்டாவி இருந்தது. அது ஓர் அஞ்சாளை. பார்க்கப் பாம்பு மாதிரி, ஆனால் மீன். எந்நேரமும் வாயைத் திறந்து திறந்து மூடும். "ஐயோ, கடிக்க வருது!" என்று வருகிறவர்கள் அலறுவார்கள். கடிக்கவும் இல்லை, ஒன்றும் இல்லை. பாவம், அது மூச்சு விடுகிறது!

அந்தக் கொட்டாவி பல நாளாகச் சாப்பிடவில்லை.

எல்லாம் மேலாளர் ஆசை ஆசையாகத் தொட்டியைப் புதுப்பித்ததால் வந்த கூத்து. பழைய கல்லையும் குழாயையும் எடுத்துவிட்டு, நடுவில் ஒரு வெள்ளைக் கோட்டையை வைத்தார். பெரிய வாசல், பெரிய ஜன்னல், மேலே பளிச்சென்று விளக்கு. கொட்டாவி அந்தப் பக்கமே திரும்பவில்லை. தண்ணீர் வடிகட்டும் பெட்டிக்குப் பின்னால் உடம்பைத் திணித்துக்கொண்டு கிடந்தது.

"ஒரு வாய் சாப்பிடுடா ராசா." அம்மா நீளமான இடுக்கியில் கணவாய் மீன் துண்டைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். அது அசையவே இல்லை.

மேலாளர் வந்து பார்த்துப் பெருமூச்சு விட்டார். "நாளைக்கு லாரி வருது. வேற காட்சியகத்துக்கு அனுப்பிடலாம்மா. நம்ம கையில செத்துப்போனா மனசு தாங்காது."

"வெறும் வயித்தோட அவ்வளவு தூரமா? வழியிலேயே ஏதாவது ஆயிடும் சார்."

குட்டிக்கு அழுகை வந்தது. தொட்டிக்கும் சுவருக்கும் இடையில் இருந்த சந்தில் போய் ஒண்டிக்கொண்டாள். வீட்டிலும் அழுகை வந்தால் பீரோ சந்துதான் அவள் இடம். இரண்டு தோளும் இடித்தால்தான் அவளுக்கு நிம்மதி. தண்ணீர் களகளவென்று சத்தம் போட, கண் சொக்கியது.

கனவில் குட்டி ஒரு வெள்ளைக் கோட்டையில் இருந்தாள். ஜன்னலுக்கு ஜன்னல் முகங்கள். "சாப்பிடு! சாப்பிடு!" என்றன எல்லா முகங்களும். தட்டு நிறையச் சோறு. நல்ல பசி. ஆனால் ஒரு வாய்கூட இறங்கவில்லை. ஒண்டிக்கொள்ளலாம் என்று ஓடினால், அவ்வளவு பெரிய கோட்டையில் ஒரு பீரோ சந்து இல்லை!

திடுக்கிட்டு எழுந்தாள். "அம்மா! அதுக்குப் பசிக்குது. ஆனா வீடு ரொம்பப் பெருசா இருக்கு!"

"என்னடி உளர்றே?"

"நாலு பக்கமும் இடிக்கணும்மா. தலை மட்டும் வெளிய இருக்கணும். வெளிச்சமும் கூடாது."

அம்மாவின் கை அப்படியே நின்றது. "பழைய குழாய்ல அப்படித்தானே கிடந்துச்சு! இருட்டினதும் மோப்பம் பிடிச்சுத்தான் இரை எடுக்கும். எனக்குப் புத்தி எங்க போச்சு? அந்தக் குழாய் எங்கேயோ..."

எங்கே என்று குட்டிக்குத் தெரியும். ஒரே ஓட்டமாக வாசலுக்கு ஓடினாள். காவல்கார மாமா அந்தக் குழாயை நிமிர்த்தி வைத்து, அதில் தன் குடையைச் செருகியிருந்தார்.

"மாமா, உங்க குடையோட வீடு வேணும்."

"அப்போ என் குடை எங்க போகும்?"

"உங்க குடை மூச்சு விடுமா?"

"விடாதே."

"அப்போ ஆணியில தொங்கட்டும்!"

மாமா குடையை உருவிக்கொண்டு குழாயைக் கொடுத்தார். அம்மா அதைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

மேலாளர் முகம் சுளித்தார். "குழாய்க்குள்ள போயிட்டா, வர்றவங்க எதைப் பார்ப்பாங்க?"

"குழாயோட வாயைக் கண்ணாடிப் பக்கமா வச்சா அதோட மூஞ்சி தெரியும் சார். தேடட்டுமே! தேடிக் கண்டுபிடிச்சாத்தான் ஜாலி," என்றாள் குட்டி.

அவர் யோசித்தார். பிறகு தானே போய் விளக்கை அணைத்தார்.

கோட்டை வெளியே வந்தது, குழாய் உள்ளே போனது. காத்திருந்தார்கள். வெகு நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு நிழல் வழுக்கிக்கொண்டு வந்தது. குழாயை முகர்ந்தது. சுற்றியது. சரசரவென்று உள்ளே போய், உடம்பைத் திருப்பி, தலையை மட்டும் வெளியே நீட்டியது.

அம்மா இடுக்கியை மெல்ல இறக்கினாள். கொட்டாவியின் மூக்கு துடித்தது.

லபக்!

"சாப்பிட்டிருச்சு! சாப்பிட்டிருச்சு!" குட்டி குதித்தாள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே அடுத்த துண்டை எடுத்தாள். மேலாளர் போனை எடுத்து, "லாரி வேண்டாம்ப்பா," என்றார். பிறகு தரையில் கிடந்த கோட்டையைப் பரிதாபமாகப் பார்த்தார். "இதை என்ன பண்றது?"

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. காவல்கார மாமா! "குடை வைக்க அளவா இருக்கும் சார்."

இப்போது வாசலில் ஒரு பழைய குடை கோட்டையில் குடியிருக்கிறது. கடைசித் தொட்டியில் கொட்டாவி, நாலு பக்கமும் இடிக்க, சுகமாக வாயைத் திறந்து திறந்து மூடுகிறது.